சிலையின் கைராசி

அவருக்குச் 'சிலை' என்ற பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுப்பதே அசையாமல் நிற்பதற்காகத்தான்.

ரேடார் சென்சார் செய்கிற கம்பெனி அது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற மஞ்சள் பெட்டி. தொழிற்சாலைகளில் இயந்திரக் கை சுழலுகிற இடத்தில் அதை மாட்டிவைப்பார்கள். ஆள் யாராவது கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டால் பெட்டி கண்டுபிடித்து, கையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். நடந்து வருகிற ஆளை எந்தச் சென்சாரும் பிடித்துவிடும். அதில் பெருமை ஒன்றுமில்லை. கீழே விழுந்த திருகாணியைத் தேடிக் குனிந்தபடி உறைந்துபோய் நிற்கிறானே, அவனைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. மூச்சு விடும்போது அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதல்லவா, அந்த இத்தனூண்டு அசைவை வைத்துத்தான் 'இங்கே உயிருள்ளது ஒன்று இருக்கிறது' என்று பெட்டி முடிவுகட்ட வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க, நெஞ்சு ஏறுகிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படிக் கிடைத்தவர்தான் சிலை.

ஐம்பதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு. ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தால், அது தானாக அலுத்துப்போய்ப் பறக்கும்வரை இமைகூட ஆடாது. "நம்மளையே கண்டுபிடிச்சிடுச்சுன்னா, அந்தப் பெட்டி உலகத்துல யாரையும் விடாது" என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வார். அவர் மனைவிக்கு அதில் பெரிய வியப்பு எதுவும் கிடையாது. "இங்கயும் அப்படித்தான். பால் பொங்குதுன்னு கத்தினா, காதுல விழுந்ததுக்கு ஒரு அடையாளம் இருக்காது" என்பாள்.

அந்த வருஷம் வந்த வேலை கொஞ்சம் வில்லங்கமானது. ஒரு பெரிய வாடிக்கையாளர் தன் தொழிற்சாலையில் வரிசை வரிசையாக இந்தப் பெட்டிகளை மாட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பெட்டியும் அலையை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருகிறதா என்று காத்திருக்கும். பக்கத்துப் பெட்டி அனுப்பிய அலையைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டால் கதை கந்தல்.

"ஒரே ஹால்ல நாலு பேர் ஒரே குரல்ல 'யாரு அங்க'ன்னு கத்தினா, வர்ற பதில் யாருக்குன்னு எப்படிண்ணே தெரியும்?" என்று சிலைக்கு விளக்கினாள் பொறியாளர். மேனேஜரைத் தவிர எல்லோருக்கும் அவள் மேடம். சிலையின் மகளைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பென்சிலைக் காணோம் என்று தேடுகிற பெண்.

"அப்படிக் குழம்பிப்போனா என்ன பண்ணும், மேடம்?"

"குழம்பினா கையை நிறுத்திடணும். 'எனக்குக் கண்ணு தெரியல'ன்னு ஆரஞ்சு விளக்கைப் போட்டுடும். அது தப்பில்ல. ஆனா சும்மா சும்மா நின்னுச்சுன்னா, வேலை பாக்கிறவங்க கடுப்பாகி ஒயரைப் பிடுங்கிவிட்டுடுவாங்க. அப்புறம் பெட்டி இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

ஆகவே சோதனைக் கூடத்தில் ஒரு இயந்திரக் கையை நடுவில் வைத்து, அதைச் சுற்றி அதே மாதிரி மஞ்சள் பெட்டிகளை எல்லாத் திசையிலிருந்தும் திருப்பிவைத்தார்கள். கை ஒரு இரும்புத் துண்டை இந்த மேசையிலிருந்து எடுத்து அந்த மேசையில் வைக்கும். மறுபடி அங்கிருந்து எடுத்து இங்கே வைக்கும். அலுக்கவே அலுக்காது. சிலை கூண்டுக்குள் போய் நின்றால் கை நிற்க வேண்டும். அவர் வெளியே வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், சுற்றியிருக்கிற பெட்டிகள் என்ன கத்தினாலும் கை நிற்காமல் ஓட வேண்டும். இதுதான் சோதனை.

இந்த இடத்தில் சிலையின் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மகளுக்குக் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை தன் அப்பா அம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் மாமனார், மாப்பிள்ளை இருவருக்கும் செஸ் பிடிக்கும் என்று தெரிந்துபோயிற்று. பலகையை எடுத்துப் போட்டார்கள். சிலை வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தார். மூன்றாவது ஆட்டத்தில் ராணியை வெட்டியபோது, ஈ உட்கார்ந்தாலும் அசையாத அந்த மனிதர் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்து, "மாட்டுனீங்களா மாப்பிள்ளை!" என்று கூவிவிட்டார். சம்பந்தியம்மாளின் முகம் சுருங்கியதை அவருடைய மனைவி பார்த்துவிட்டாள். அவர்கள் கிளம்பிப் போனதும் பலகை பரணுக்குப் போனது. "இனிமே மாப்பிள்ளைகூடச் செஸ் ஆடுனீங்கன்னா, அந்தக் காய் எல்லாத்தையும் குப்பை வண்டியில போட்டுடுவேன். பொண்ணைக் குடுத்த சம்பந்திங்க முன்னாடி குதிக்கிறாராம், குதிச்சு!"

மாமனாரால் நிறுத்த முடிந்தாலும் மாப்பிள்ளையால் முடியவில்லை, தோற்றவர் அவரல்லவா? செல்போனில் ஆட ஏற்பாடு செய்தார். ஒருவர் காய் நகர்த்திவிட்டுப் போனால் மற்றவர் நேரம் கிடைக்கும்போது பதில் நகர்த்தலாம். வீட்டில் மனைவியின் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது. சோதனைக் கூடத்திலோ செல்போனை அணைத்துவைக்க வேண்டும் என்று சட்டம். மிச்சமிருந்தது கம்பெனியின் கழிப்பறை. அதிலும் கடைசி அறை. தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதால் வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. சிலை ஒரு காலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டு, குதிரையைப் பற்றியும் யானையைப் பற்றியும் நிம்மதியாக யோசிப்பார்.

அதிலும் ஒரு தொல்லை இருந்தது. ஆள் அசைந்தால்தான் அங்கே விளக்கு எரியும். சிலை யோசிக்க ஆரம்பித்தால் அசைவாரா? சற்று நேரத்தில் இருட்டு. கையை ஆட்டினால் வெளிச்சம். மறுபடி யோசனை, மறுபடி இருட்டு. எலக்ட்ரீஷியனிடம் போய் முறையிட்டார்.

"கொஞ்சம் ஆடிக்கிட்டே உட்காருங்களேன், அண்ணே" என்றான் அவன்.

"என் தொழிலுக்கே அது இழுக்குப்பா."

எலக்ட்ரீஷியன் நல்லவன். எங்கிருந்தோ புதுமாதிரி விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, கடைசி அறைக்கு மட்டும் மாட்டினான். "இது மூச்சு விட்டாலே எரியுமாம். ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சது." அந்த விளக்குக்குள் இருந்ததும் ஒரு குட்டி ரேடார்தான். அது அவனுக்குத் தெரியாது. சிலையும் கேட்டுக்கொள்ளவில்லை. விளக்கு அணையாமல் எரிந்ததும் அவனை வாழ்த்திவிட்டு யானையை நகர்த்தினார்.

அந்தக் கடைசி அறைக்கும் சோதனைக் கூடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு மெல்லிய அட்டைச் சுவர்.

அன்றிலிருந்து சோதனைக் கூடத்தில் கை நிற்க ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இரும்புத் துண்டை அந்தரத்தில் பிடித்தபடி உறைந்துபோகும். ஆரஞ்சு விளக்கு எரியும். மேடம் ஒயரைப் பார்ப்பாள், பெட்டிகளின் கோணத்தை மாற்றுவாள், கம்ப்யூட்டரில் எதையோ அழித்து எழுதுவாள். ஒன்றும் நடக்காது. பிறகு சிலை வந்து நாற்காலியில் உட்காருவார். கை ஓட ஆரம்பிக்கும்.

இதை முதலில் கவனித்தவர் மேனேஜர். "கவனிச்சியாம்மா? இவர் உள்ள இருந்தா ஓடுது. வெளிய போனா நிக்குது."

"சார், அதெல்லாம் தற்செயல்."

"எத்தனை தடவை தற்செயலா நடக்கும்? அவருக்குக் கைராசி இருக்கு!"

மேடத்துக்கு இந்தப் பேச்சு கொஞ்சமும் பிடிக்கவில்லை.  கடைசியில் அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாள். மனித உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர்தானே, நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாத அலைகளை அந்த உடம்பு உறிஞ்சிக்கொள்கிறதோ என்னவோ? பெரிய தண்ணீர் கேன் ஒன்றைக் கொண்டுவந்து சிலையின் நாற்காலியில் உட்காரவைத்தாள். வழுக்கி விழாமல் இருக்கப் பெல்ட்டும் போட்டாள்.

"எனக்குப் பதிலா இதுவா?" என்றார் சிலை.

"கோச்சுக்காதீங்கண்ணே. ஒரு சோதனைக்குத்தான். நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க."

வெளியே போகச் சொன்னால் அவர் எங்கே போவார்? கேன் நாற்காலியில் இருந்தது. சிலை கடைசி அறையில் இருந்தார். கை நின்றது. மேனேஜர் கைதட்டாத குறை. "பாத்தியா? தண்ணியால ஆகுமா? ஆளுக்கு ஒரு ராசி வேணும்மா, ராசி!"

மறுப்பதற்குச் சிலை தயாராக இல்லை. இத்தனை வருஷமாக நின்றதற்கு யாரும் ஒரு வார்த்தை பாராட்டிச் சொன்னதில்லை. இப்போது நாற்காலிக்கு மெத்தை வந்தது. தேநீர் உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. "லீவு கீவு போட்டுடாதீங்க" என்று மேனேஜர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போய், "நான் இருந்தாத்தான் மிஷினே ஓடுதாம்" என்றார், சட்டையைக் கழற்றியபடி, ஏதோ சாதாரண விஷயம் போல.

மனைவி அன்றைக்கே தன் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி சலவைக் கடை வைத்திருந்தான். புதிதாக வாங்கிய பெரிய சலவை இயந்திரம் முரண்டுபிடித்துக்கொண்டிருந்தது. "அத்தானைக் கூட்டிட்டு வாக்கா" என்றான். சிலை போய், முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். இயந்திரம் ஓடியது. அதற்குச் சற்று முன்னால்தான் மெக்கானிக் வந்து பெல்ட்டை மாற்றிவிட்டுப் போயிருந்தான் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், எதிர்வீட்டு ஸ்கூட்டர் என்று அழைப்புகள் வரத் தொடங்கின. ஸ்கூட்டர் கிளம்பவில்லை. "வண்டி ரொம்பப் பழசு, அதுக்கு அவர் என்ன பண்ணுவார்" என்று மனைவியே சமாதானம் சொன்னாள்.

வாடிக்கையாளர் நேரில் பார்க்க வருகிற நாள் வந்தது. மேனேஜர் புதுச் சட்டையில் வந்தவர், சிலையைப் பார்த்ததும் யோசனையில் ஆழ்ந்தார். ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீங்க இல்லாம முடியாது. ஆனா வர்றவங்க முன்னாடி ஒருத்தர் மெத்தை போட்டு சும்மா உட்கார்ந்திருந்தா என்ன நினைப்பாங்க? அதனால கண்ணுல படாம இருங்க. ஆனா பக்கத்துலயே இருங்க. தூரமாப் போயிட்டா ராசி எட்டாம போயிடப்போகுது."

"எவ்வளவு பக்கத்துல, சார்?"

"அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாப் போதும்."

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது மேனேஜரைவிடச் சிலைக்கு நன்றாகத் தெரியும். சொன்ன சொல்லைத் தட்டாமல் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வேறு குதிரையை வைத்து மிரட்டிக்கொண்டிருந்தார். கடமையும் ஆயிற்று, ஆட்டமும் ஆயிற்று.

வந்திருந்தவர் அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்புத் தலைவி. நரைத்த தலை, தட்டையான செருப்பு, வீண் பேச்சுக் கிடையாது. மேடம் சோதனையை விளக்கி, சுற்றியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். கை இரும்புத் துண்டை எடுத்தது, தூக்கியது, அந்தரத்தில் நின்றது. ஆரஞ்சு விளக்கு.

மேனேஜர் பாய்ந்து வெளியே ஓடினார். தாழ்வாரத்தில் நின்று, "சிலை! சிலை! எங்க இருக்கீங்க?" என்று அவர் போட்ட சத்தம் உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டது. சற்று நேரத்தில் சிலை மூச்சிரைக்க வந்து நின்றார். கை ஓட ஆரம்பித்தது.

"இவர் யாரு?" என்றார் தலைவி.

"எங்க... மூத்த சோதனையாளர், மேடம்" என்றார் மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"இவர் வந்ததும் ஓடுது. மறுபடியும் போகச் சொல்லுங்க, பாப்போம்."

சிலை போனார். கை நின்றது. வந்தார். ஓடியது. இன்னொரு தடவை போகச் சொன்னார்கள். போனார். நின்றது. திரும்பி வந்தபோது சிலையின் முகத்தில் அடக்கமான ஒரு புன்னகைகூட இருந்தது. வந்த விருந்தாளியே தன் ராசியைக் கண்ணால் பார்த்துவிட்டாரே!

தலைவி மேடத்தின் பக்கம் திரும்பினார். "போங்க, போங்கன்னு அனுப்பறோம். எங்க போறார்?"

 மேடம் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதையே பார்த்தாள். "ஐயோ... இத்தனை நாளா இவர் இங்க இல்லைங்கிறதைத்தான் பாத்தேன். எங்க இருக்கார்னு கேக்கவே இல்ல. அண்ணே, எங்க போறீங்க?"

"பக்கத்துலதான், மேடம்."

"பக்கத்துலன்னா?"

"சார்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கச் சொன்னார்."

"அண்ணே!"

சிலை தலையைக் குனிந்துகொண்டு, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படியாக, கடைசிக் கழிப்பறை என்றார்.

அடுத்து நடந்ததை அவர் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை. எல்லோரும் ஊர்வலமாகக் கிளம்பிவிட்டார்கள். வாசலில் சிலை கைகளை விரித்து மறித்தார். "மேடம், இது ஆம்பளைங்க..."

"நான் ரேடாரைப் பாக்கப் போறேன். வேற எதையும் பாக்க மாட்டேன்" என்று தலைவி அவரைத் தாண்டிப் போனார்.

மேடம் கடைசி அறையின் விளக்கை அண்ணாந்து பார்த்தாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னாள். "அண்ணன் கேட்டார்னுதான் மாட்டினேன். இவர் அசையவே மாட்டேங்கிறார்" என்று அவன் ஏணியில் நின்றபடியே தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். மேடம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆள் இல்லாதபோது அந்தக் குட்டி ரேடார் அரைத் தூக்கத்தில் கிடக்கும். யாராவது வந்து உட்கார்ந்ததும் விழித்துக்கொண்டு, அட்டைச் சுவரைத் தாண்டி, மஞ்சள் பெட்டியின் சுருதியிலேயே ஓயாமல் கத்தும். பெட்டிக்குக் காது அடைத்துப்போகும். சோதனைக்காகச் சுற்றிவைத்த பெட்டிகள் அத்தனையும் செய்ய முடியாததை ஒரு கழிப்பறை விளக்கு செய்துகொண்டிருந்தது.

"ஒருவேளை இவர் உடம்புவாகுகூடக் காரணமா இருக்கலாம்" என்றார் மேனேஜர், ராசியை விட மனசில்லாமல்.

"அப்ப நீங்க உட்கார்ந்து பாருங்க, சார்" என்றாள் மேடம்.

விளக்கைத் திரும்ப மாட்டி, புதுச் சட்டையோடு மேனேஜரை உள்ளே அனுப்பினார்கள். கை நின்றது. எலக்ட்ரீஷியன் உட்கார்ந்தான். நின்றது. அங்கேதான் சிலைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ராசி இல்லை என்று ஆனதுகூடப் பரவாயில்லை. கெடுப்பதிலாவது தனக்கென்று ஒரு தனித்தன்மை இருக்கக் கூடாதா? யார் உட்கார்ந்தாலும் நிற்குமாமே!

இதற்குள் தலைவி, கடைசி அறையின் சுவர்த் தட்டில் சிலை மறந்துவைத்த செல்போனைக் கையில் எடுத்திருந்தார். "இது உங்களோடதா? அடுத்த நகர்த்தல்ல உங்க ராணி போயிடும்."

"தெரியும், மேடம்" என்றார் சிலை ஈனசுரத்தில்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவி காய்ந்த துணிகளை மடித்தபடியே கேட்டாள். ராசி போனதைச் சொன்னபோது 'ம்' என்றாள். விருந்தாளி கழிப்பறைக்குள் வந்ததைச் சொன்னபோது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மாப்பிள்ளையின் பெயர் வந்ததும் அவள் கை நின்றது.

"மாப்பிள்ளைகூடவா ஆடுறீங்க? நான் அவ்வளவு சொல்லியும்?"

"அவர்தான் கூப்பிட்டார்."

"யாரு ஜெயிக்கிறா?"

சிலை சுவரைப் பார்த்தார். "இப்பெல்லாம் அவர்தான். விளையாட்டுல ரொம்பத் தேறிட்டார்."

"அப்பச் சரி" என்று அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

மேடம் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தாள். பெட்டி இனிமேல் ஒரே தாளத்தில் கத்தாது. முதலில் காது கொடுத்துக் கேட்கும். பக்கத்தில் யாராவது கத்துகிறார்கள் என்று தெரிந்தால், தன் தாளத்தை மாற்றி மாற்றி, இடைவெளி பார்த்துக் கத்தும். சரியாக வருகிறதா என்று பார்க்க, கடைசி அறையில் ஒரு ஆள் வேண்டும் என்றாள். எல்லோரும் சிலையைப் பார்த்தார்கள்.

இத்தனை நாள் ஒளிந்து உட்கார்ந்த இடத்தில் முதல்முறையாக உத்தரவோடு போய் உட்கார்ந்தார். வெளியே மேனேஜர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உட்கார்ந்தாச்சா? உட்கார்ந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நிலைமையில் செஸ்ஸில் என்ன தோன்றும்? மாப்பிள்ளை யானையைச் சும்மா எடுத்துக்கொண்டு போனார். கை மட்டும் நிற்காமல் ஓடியது. பிறகு கூண்டுக்குள் சிலை போய் நிற்க, கடைசி அறையில் எலக்ட்ரீஷியனை உட்காரவைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் பெட்டி சிலையின் மூச்சைப் பிடித்துக் கையை நிறுத்தியது. மேடம் குதித்தேவிட்டாள்.

தலைவிக்குச் செய்தி போனது. பெட்டிகளை வாங்கிக்கொள்வதாகவும், ஆனால் தங்கள் கழிப்பறைகள் எல்லாவற்றிலும் அதே மாதிரி விளக்குகள்தான் இருப்பதால் முதலில் அங்கே வந்து சோதிக்க வேண்டும் என்றும் பதில் வந்தது. கூடவே, 'அந்த அசையாத மனிதரையே அனுப்பவும்' என்று ஒரு வரி.

சிலை அதுவரை வேலை விஷயமாக வெளியூர் போனதே இல்லை. மனைவி பெட்டியில் சட்டைகளை இஸ்திரி கலையாமல் அடுக்கினாள். போர்வை வைத்தாள். தலைவலி மாத்திரை வைத்தாள். "அங்க போயும் மாப்பிள்ளைகிட்ட ஜெயிச்சுடாதீங்க" என்றாள். கம்பெனிக் கார் வாசலில் வந்து நின்றபோது, எதிர்வீட்டு ஸ்கூட்டர்க்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

"என்ன, அண்ணன் பெட்டியெல்லாம் வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார்?"

மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஒரு பெரிய கம்பெனியில அவரையே கேட்டுக் கூப்பிட்டிருக்காங்க. அங்க போய் உட்காரப்போறார்."

"அடேயப்பா! பெரிய நாற்காலியா?"

 சிலை, அவர் நீட்டிய கையைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.